சிறீரங்கபட்டணப் பதக்கம்: பழைய வெள்ளிப் பதக்கமொன்றை இனங்காணலும் மதிப்பிடலும்

வரலாறு எழுதப்புகுவோர் சான்றுகளாகக் கொள்வன பல. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, பிறநாட்டார் குறிப்பு என்பன அவற்றுள் தலையாயவை. இவற்றோடு ஒருங்குவைத்து எண்ணப்பட வேண்டியதாயினும் எம்மவரால் பெரிதும் புறக்கணிக்கப்படுவது நினைவுப் பதக்கமாகும். நாணயம் கொடுக்கல் வாங்கலின் பொருட்டு அடிக்கப்படுவது. அதிலே காணப்படும் வரலாற்றுச் செய்தி இடையே வந்து சேர்ந்தது. பதக்கமோ நினைவின் பொருட்டே அடிக்கப்படுவது. ஆதலின், அதனை அடிப்பித்தோர் பிற்காலத்தார் தம்மைப் பற்றி யாது எண்ணவேண்டுமென விரும்பினர் என்பதை அது நேராகவே உரைத்துவிடுகின்றது.

இத்தகைய பதக்கங்கள் பழைய குடும்பங்களின் பெட்டகங்களிற் சிலவேளை கிடைப்பதுண்டு. யாருக்கு, எதற்காக, எப்போது வழங்கப்பட்டது என்பதை அறிந்தோர் மறைந்தபின், எஞ்சியோர் அதனைப் பொற்கொல்லரிடம் கொண்டுசெல்வர். அவர் உரைத்துப் பார்ப்பார், நிறுப்பார், அன்றைய வெள்ளி விலையைச் சொல்வார். பின்னர் அது உலைக்குப் போகும். வெள்ளி அழிவதில்லை, அழிவது சான்று. ஆகவே, ஒரு பதக்கத்தை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அறிந்து வைத்தல் கற்றோர்க்கு வேண்டற்பாலது. பொதுப்படக் கூறுவதினும் ஓர் உண்மை எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குதல் பயன் தருமாதலின், 1799 ஆம் ஆண்டு மைசூர்ப் போரின் நினைவாக அடிக்கப்பட்ட சிறீரங்கபட்டணப் பதக்கத்தை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

முதலிற் போரின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே நிகழ்ந்த இறுதிப் போர் நான்காம் மைசூர்ப் போராகும். அப்போது மகாதேசாதிபதியாக இருந்தவர் மோர்னிங்ரன் பிரபு. பின்னாளில் வெல்லெஸ்லி எனப் பெயர் பெற்றவர் இவரே. சென்னைப் படை தளபதி ஜோர்ஜ் ஹரிஸின் தலைமையில் 1799 பெப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டது. பம்பாய்ப் படை மேற்குக் கரையிலிருந்து வந்து சேர்ந்தது. ஐதராபாத் நிசாமின் படையும் வங்காளத்துச் சிப்பாய்களும் உடன் நின்றனர். ஒல்லாந்தர் சேவையில் இலங்கையிலே காவலிருந்து, 1795 இல் ஆங்கிலர் பக்கம் மாறிய டி மெயுரோன் என்னும் சுவிற்சலாந்துப் படைப்பிரிவும் இப்போரிற் பங்குகொண்டது. காவேரியின் நடுவே தீவாக அமைந்த சிறீரங்கபட்டணக் கோட்டையின் மதில் பீரங்கியால் உடைக்கப்பட்டது. மே 4 ஆம் நாள் நண்பகலை அடுத்து, டேவிட் பெயார்ட் என்பவரின் தலைமையிற் படை ஆற்றைக் கடந்து உட்புகுந்தது. திப்பு போர்க்களத்திலேயே வீழ்ந்தார். பெயார்ட் 1780 இற் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரிலே சிறைப்பட்டு, இதே சிறீரங்கபட்டணத்தில் ஆண்டுக்கணக்கிற் சிறையிருந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

இவ்வெற்றியைக் கொண்டாடவே பதக்கம் அடிக்கப்பட்டது. இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரை அடுத்து மத்தியூ போல்ற்றன் நிறுவிய சோஹோ நாணயசாலையில் இப்பணி நடந்தது. நீராவியால் இயங்கும் அச்சுப்பொறிகளைக் கொண்டிருந்த இச்சாலை அக்காலத்திற் பெரும் புகழ் பெற்றது. சென்னை மாகாணத்தில் வழங்கிய 1808 ஆம் ஆண்டுப் பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்களும் இங்கு அடிக்கப்பட்டவையே. பதக்கத்தின் அச்சைச் செதுக்கியவர் கொன்றாட் ஹைன்றிக் குக்லர் என்னும் சிற்பி.

இனி, இனங்காணும் முறையைப் பார்ப்போம். பதக்கம் ஒன்று கையிற் கிடைத்தால் முதலிற் செய்யவேண்டியது உருவையும் எழுத்தையும் வாசித்தல். இப்பதக்கத்தின் முகப்பில் ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே வீழ்த்தி அமுக்கி நிற்கின்றது. மேலே விரிந்த கொடியில் அரபு எழுத்திற் பொறித்த தொடர், 'வெற்றி கொள்ளும் இறைவனின் சிங்கம்' எனப் பொருள்படும். அடியில் 1799 மே 4 என்னும் நாள் உரோம எண்களில் உளது. பின்புறத்திலே கோட்டைமீது படை பாயும் காட்சி, உச்சியிற் கதிரவன். தாக்குதல் நிகழ்ந்த வேளையைச் சிற்பி அவ்வாறு குறித்தார். அதன் அடியிற் பாரசீக எழுத்தில், சிறீரங்கபட்டணக் கோட்டை இறைவன் தந்த கொடை என்னும் கருத்தும் ஹிஜ்ரி 1213 ஆம் ஆண்டுக்குரிய நாளும் காணப்படும்.

சிங்கம் பிரித்தானியர், புலி திப்பு என்பது எவர்க்கும் எளிதிற் புலனாகும். திப்புவின் அரியணை, படைக்கலம், வீரர் உடை யாவற்றிலும் புலியின் உருவோ வரியோ இருந்தது. ஆங்கிலேயன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவதாகச் செய்த அவரது இசைப்பொறி இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் இன்றும் உளது. ஆயின், பதக்கத்திலுள்ள சொற்களை வாசித்தார்க்கே மற்றோர் உண்மை தெரியவரும். 'இறைவனின் சிங்கம்' என்பது அலியாருக்கு வழங்கிய அடைமொழி. மேற்கூறிய அரபுத் தொடரையே திப்பு தம் படைக்கலங்களிற் புலிமுகம் போல வளைத்தெழுதிப் பொறித்து வந்தார். பின்புறத்துப் பாரசீகத் தொடரிலுள்ள 'குதாதாத்', அஃதாவது 'இறைவன் தந்த' என்னும் சொல்லும் அத்தகையதே. திப்பு தம் அரசுக்கு இட்ட பெயர் 'சர்க்கார் இ குதாதாத்' என்பதாகும். வென்றோர் கோட்டையை மட்டும் கொள்ளவில்லை. தோற்றவனுடைய மந்திரச் சொற்களையும் எடுத்துத் தம் வெற்றிக்குச் சான்றாக்கினர். இப்பதக்கத்தின் உயிர்நிலை இதுவே. வெள்ளியை மட்டும் நிறுத்துப் பார்த்தவனுக்கு இது ஒருபோதும் தோன்றாது.

இரண்டாவதாக நோக்கவேண்டியது அளவு. சோஹோவில் அடித்த பதக்கத்தின் குறுக்களவு 48 மில்லிமீற்றர். வங்காளப் படையினருக்கெனக் கல்கத்தா நாணயசாலையில் அதே உருவைப் பார்த்து வேறாக அடித்தனர். அதன் குறுக்களவு 45 மில்லிமீற்றர், வேலைப்பாடும் சற்றுக் குறைந்தது. மூன்று மில்லிமீற்றர் சிறு வேறுபாடே. ஆயினும் பதக்கம் எந்நாட்டில் அடிக்கப்பட்டது, எப்படைக்கு உரியது என்பதை அதுவே காட்டிவிடும்.

மூன்றாவது உலோகம். சோஹோப் பதக்கங்கள் பெறுவோரின் தரத்திற்கேற்ப ஐவகை உலோக நிலையில் அமைந்தன. மிக உயர்ந்த தலைவர்க்குப் பொன். அடுத்த நிலை அதிகாரிகட்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. அவர்க்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகட்கு வெள்ளி. அதிகாரப் பத்திரம் பெறாத சிறுதலைவர்க்கு வெண்கலம். சாதாரண வீரர்க்கும் சிப்பாய்களுக்கும் வெள்ளீயம். சோஹோவில் அடித்தவை பொன் 30, முலாம் பூசியவை 185, வெள்ளி 850, வெண்கலம் 5,000, வெள்ளீயம் 45,000 எனவும், கல்கத்தாவில் அடித்தவை பொன் 83, வெள்ளி 2,786 எனவும் கணக்கிடுவர். இவ்வெண்களைக் கூர்ந்து நோக்குக. கல்கத்தாவில் அடித்த வெள்ளிப் பதக்கங்கள் அனைத்தும் அதிகாரிகளுக்கே சென்றிருத்தல் இயலாது. ஓர் உதவிப் படையிலே அத்தனை அதிகாரிகள் இரார். ஆகவே, 'வெள்ளிப் பதக்கம், எனவே அதிகாரியின் பதக்கம்' என்று முடிவுகட்டுதல் பிழையாகும். அளவையும் உலோகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தே கூறல் வேண்டும்.

உலோகம் யாதெனத் துணிவதற்கு உரைகல் வேண்டியதில்லை. உரைப்பது பதக்கத்தைக் கெடுக்கும். எம் மாணவர் பௌதிக ஆய்வுகூடத்திற் பயிலும் ஆக்கிமிடீசின் தத்துவமே போதும். பதக்கத்தை நூலிற் கட்டி வளியில் நிறுக்க. பின்னர் நீரில் அமிழ்த்தி நிறுக்க. வளியிலுள்ள நிறையை நிறைக்குறைவால் வகுத்தால் தன்னீர்ப்புக் கிடைக்கும். ஒரு பதக்கம் வளியில் 42 கிராமும் நீரில் 38 கிராமும் நிற்குமாயின் குறைவு 4 கிராம், தன்னீர்ப்பு 10.5. இது தூய வெள்ளிக்குரியது. செப்புக் கலந்த வெள்ளியாயின் சிறிது குறையும். வெள்ளீயத்தின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 7.3, செம்பினது 8.9, பொன்னினது 19.3. பொன்னிறமாகத் தோன்றும் பதக்கமொன்று 10.5 ஐ அணுகி நிற்குமாயின் அது முலாம் பூசிய வெள்ளியென ஐயமின்றிக் கூறலாம். பிற்காலத்திற் பற்றவைத்த வளையமோ கண்ணாடிக் கூடோ உளதாயின் கணக்கு மாறும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, உண்மையா போலியா என்னும் ஆராய்ச்சி. மெய்ப் பதக்கம் அச்சுக்களிடையே வைத்து அழுத்தி அடிக்கப்பட்டது. அதன் தளம் வழவழப்பாகவும் எழுத்தின் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். போலியானது பெரும்பாலும் மெய்ப் பதக்கத்திலிருந்து எடுத்த கருவில் வார்க்கப்படுவது. பூதக்கண்ணாடியால் நோக்கினால் அதன் தளத்தில் ஊசித்துளை போன்ற குழிகள் தோன்றும், எழுத்துக்கள் மழுங்கியிருக்கும், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் குறுக்களவும் சிறிது குறையும். மின்னாற் படியவைத்துச் செய்த போலிகளில், இரு பாதிகளை ஒட்டிய கோடு விளிம்பிலே தென்படும். விளிம்பைப் பாராது எப்பதக்கத்தையும் மெய்யென ஏற்றல் கூடாது. எனினும், ஒன்று குறிக்கத்தக்கது. இப்பதக்கத்தைத் தொங்கவிடும் வளையம் அரசாற் கொடுக்கப்பட்டதன்று. பெற்றவர்கள் தாமே பலவாறு அமைத்துக்கொண்டனர். பெயரும் பொறித்துக் கொடுக்கப்படவில்லை. ஆகவே வளையம் வேறுபட்டிருத்தலும் பெயர் இல்லாதிருத்தலும் போலிக்கு அடையாளமாகா.

இவ்வாறு இனங்கண்டபின் மதிப்பிடுதல் எளிது. பதக்கத்தின் விலையை உறுதி செய்வன நான்கு: உலோகம், அருமை, நிலை, வழிவரலாறு. இவற்றுள் உலோகமே கடைப்பட்டது. அருமைக்கு எம் நாட்டோடு தொடர்புடைய வேறொரு பதக்கத்தை எடுத்துக் கூறலாம். 1795, 1796 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைக் கைப்பற்றியதன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் வழங்கியது. ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் பாரசீகமும் பொறித்த அப்பதக்கம், வங்காளப் பீரங்கிப் படையின் இந்தியர்க்கெனப் பொன்னில் 2 உம் வெள்ளியில் 121 உம் மட்டுமே அடிக்கப்பட்டது. உருவம் எதுவுமில்லாத எளிய பதக்கம் அது. ஆயினும் அழகிற் சிறந்த சிறீரங்கபட்டண வெள்ளிப் பதக்கத்தினும் பன்மடங்கு அரியது. எண்ணிக்கை தெரியாது மதிப்புச் சொல்பவர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

நிலை என்பது தேய்வும் வடுவும் பற்றியது. கறுத்த வெள்ளியைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்குதல் எம்மில்லங்களின் வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும், பதக்கத்திற்குத் தகாது. துலக்குந்தோறும் நுண்ணிய வரிகள் அழிந்து மதிப்புக் குறையும். கறுப்பு பதக்கத்தைக் கெடுப்பதன்று. அதன் வயதுக்குச் சாட்சி. வழிவரலாறு என்பது பதக்கம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும் கடிதம், உறுதி, குடும்பக் குறிப்பு முதலியன. பெயர் பொறியாத பதக்கத்திற்கு இவையே நாவாகும். பதக்கத்தை வைத்துக் கடிதத்தை எறிபவர் பாதிச் செல்வத்தை எறிந்தவராவர்.

விலைக்கு அப்பாற்பட்ட மதிப்பொன்றும் உண்டு. 45,000 வெள்ளீயப் பதக்கங்களை நினைத்துப் பார்க்க. ஆற்றைக் கடந்து மதிலேறியவர்களுட் பெரும்பாலோர் பெற்றது அதுவே. வெள்ளீயம் மென்மையான உலோகம். விரைவில் தேய்ந்து உருவிழக்கும். பொன் பெற்றவர் பெயர் நூல்களில் நின்றது. வெள்ளீயம் பெற்ற சென்னைச் சிப்பாயின் பெயரும் பதக்கமும் ஒருங்கே மறைந்தன. தேய்ந்த வெள்ளீயப் பதக்கமொன்று கிடைக்குமாயின், சந்தையில் அது குறைந்த விலை பெறினும், வரலாற்றாசிரியன் அதனைப் போற்றுதல் கடன்.

மேலும், பதக்கம் கூறுவது வென்றோர் கூற்று மட்டுமே. புலி வீழ்ந்தது என்று அது சாற்றுகின்றது. ஆயின், திப்புவின் மக்கள் காவலில் வைக்கப்பட்டிருந்த வேலூர்க் கோட்டையிலே, 1806 யூலை 10 ஆம் நாள் கம்பெனியின் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியை ஏற்றினர். போருக்கு 1799 இற் படை புறப்பட்ட அதே வேலூர் அது. அக்கிளர்ச்சி அன்றே அடக்கப்பட்டது. எனினும், உலோகத்திற் பொறித்த முடிவு மக்கள் மனத்தில் முடிவாகவில்லை என்பதை அது காட்டிற்று. ஒரு சான்றை வாசிப்பவன் அதனை ஆக்கினோர் யார், ஆக்கிய நோக்கம் யாது என வினவாது விடின், அவன் சான்றுக்கு அடிமையாவானேயன்றி ஆராய்ச்சியாளன் ஆகான்.

ஆதலின், எம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் கூறத்தக்கது இதுவே. வீட்டிலே பழம் பதக்கம் ஒன்று உளதாயின், துலக்காதீர், உரைக்காதீர், விற்க நேரினும் நிறைக்கு விற்காதீர். இருபுறத்து எழுத்தையும் படியெடுத்து, குறுக்களவையும் நிறையையும் குறித்து, அது வந்த வழியை மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்பீராக. தராசு சொல்லும் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். பதக்கம் தன் வாயாற் சொல்லும் செய்திக்கு உள்ள மதிப்பு, அதனை வாசிக்க ஒருவர் உள்ளவரை குன்றாது.