"சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்பதை அளந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என் சித்தப்பா கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விவசாயம் பார்த்தவர். விடியுமுன் பந்தலுக்கு அடியில் நிற்பார். மறதி நோய் வந்த பிறகு, திண்ணையில் உட்கார வைத்தால் மதியம்வரை அப்படியே இருந்தார். சாப்பாடு கேட்கவில்லை, பேரப்பிள்ளைகள் வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. "பழுத்த மனுசன், எதுலயும் பற்றில்ல" என்றோம். சித்தி மட்டும், "வேணும்னே எங்கூட பேச மாட்டேங்கிறாரு" என்று அழுதார். "விடுங்க சித்தி, ஓய்வெடுக்கட்டும்" என்று சமாதானம் சொன்னேன். இருவருமே தவறாகப் புரிந்துகொண்டோம் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

இதை ஆங்கிலத்தில் 'அபதி' என்பார்கள். தமிழில் நாட்டமின்மை எனலாம். மூலச்சொல் கிரேக்கம். உணர்ச்சிகளின் பிடியிலிருந்து விடுபட்ட நிலையை அது குறித்தது. ஸ்டோயிக் தத்துவ ஞானிகள் அதை உயர்ந்த குணமாகப் போற்றினார்கள். நாம் "பற்றற்றவர்" என்று புகழ்வதைப் போலத்தான்.

அந்தச் சொல் மருத்துவ அளவுகோலாக மாறியது சமீபத்தில்தான். 1991இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மனநல மருத்துவர் ராபர்ட் மாரினும் அவரது குழுவினரும் 18 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். நோயாளி, அவரை நன்கு அறிந்தவர், மருத்துவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. மனச்சோர்வில் துக்கம் இருக்கும். நாட்டமின்மையில் துக்கமும் இல்லாமல் போகலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே மாரினின் வாதம்.

1994இல் ஜெஃப்ரி கம்மிங்ஸ் குழுவினர் மறதி நோயாளிகளின் நடத்தை மாற்றங்களுக்காக ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதில் நாட்டமின்மையும் ஒன்று. கேள்விகள் கவனித்துக்கொள்பவரிடமே கேட்கப்படுகின்றன. எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 4 வரை, எவ்வளவு கடுமை என்பதற்கு 3 வரை. இரண்டையும் பெருக்கினால் உச்சம் 12. கணக்கு எளிது. ஆனால் அதன் அடிப்படை ஒரே கேள்விதான்: முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறாரா?

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. 1998இல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, அங்கே நடந்த ஆய்வு 10 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அந்தப் பெயர். 7 நாடுகளில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2008இல் வெளியானது. அதில் சென்னையும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களும் இருந்தன. வேலூர்க் கிராமங்களில் அமெரிக்க மனநல வரையறைப்படி பார்த்தபோது, முதியவர்களில் 100க்கு ஒருவருக்குக்கூட மறதி நோய் இல்லை. அந்தக் குழுவே உருவாக்கிய முறைப்படி பார்த்தபோது 100க்கு சுமார் 10 பேர்! ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பெரியவர்களின் தளர்ச்சியைக் குடும்பத்தார் குறையாகச் சொல்லவில்லை என்பது.

அந்தக் கணக்கெடுப்பு மறதி நோயைப் பற்றியது. நாட்டமின்மையை மட்டும் பற்றியதல்ல. ஆனால் நாட்டமின்மையை அளப்பவர்களும் நம் கண்ணைத்தான் நம்புகிறார்கள். மருமகள் தட்டைக் கையில் கொடுக்கிறாள், மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். தாத்தா தானாக எதையும் தொடங்குவதில்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அடித்து, கத்தி, வெளியே ஓடும் நோயாளியை உடனே மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம். அமைதியாக உட்கார்ந்திருப்பவரை 'தொந்தரவில்லாதவர்' என்கிறோம்.

எனவே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். யாரும் சொல்லாமல், தானாக அவர் தொடங்கும் வேலை எது? போன தீபாவளிக்கு அவர் விரும்பிச் செய்தது இப்போது நின்றுவிட்டதா? 2018இல் வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, இந்த மாற்றம் நான்கு வாரமாவது நீடிக்க வேண்டும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சித்திக்கு இதை விளக்கியபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எம்மேல கோவம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை சித்தி, அது நோய் என்றேன். மறுநாள் முதல் அவரே ஒரு திராட்சைக் கொத்தைச் சித்தப்பா கையில் கொடுத்து, "உதிர்த்துக் குடுங்க" என்று தொடங்கி வைத்தார். சில நாள் சித்தப்பா உதிர்த்தார். சில நாள் இல்லை. சித்தி அதற்குப் பிறகு அழவில்லை.