வெற்றிலையும் விற்றமின் ஏயும்: ஒரு வரலாற்று நோக்கு

திகன நகரைத் தன்னகத்தே கொண்ட தும்பறைப் பகுதி புகையிலைச் செய்கைக்குப் பெயர்பெற்றது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் இங்குள்ள கிராமத்தவரிடமும் தோட்டத் தொழிலாளரிடமும் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இவ்வழக்கம் வாய்ப்புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. புற்றுநோய்க்கு முன்னோடியாக வாயினுள் தோன்றும் வெண்படலத்தைக் குளிகையொன்றினால் நீக்கிவிட முடியுமா? இவ்வினாவின் வரலாறு ஏறத்தாழ நூறாண்டு காலத்தது.

1925ஆம் ஆண்டில் வொல்பாக், ஹோவ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், விற்றமின் ஏ அற்ற உணவை எலிகளுக்கு ஊட்டினர். அவற்றின் மூச்சுக்குழாய் முதலிய உறுப்புகளை மூடியிருந்த மேலணிக் கலங்கள் இயல்பு திரிந்து, தோலைப் போன்று தடித்தன. கலங்களின் வளர்ச்சியையும் முதிர்ச்சியையும் இவ்விற்றமினே நெறிப்படுத்துகின்றது என்னும் கருத்து இவ்வாறு உருவாயிற்று. 1987இல் கலக்கருவினுள் றெற்றினோயிக் அமிலத்தை ஏற்கும் புரதம் கண்டறியப்பட்டமை அக்கருத்தை உறுதி செய்தது. மறு ஆண்டில், ஒருவகைக் குருதிப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட 24 பேருக்கு இவ்வமிலத்தை வழங்கிப் பெற்ற பயனை ஷங்காய் மருத்துவர்கள் வெளியிட்டனர். அங்கே புற்றுக்கலங்கள் நேரடியாக அழிக்கப்படவில்லை. அவை முதிர்ச்சியடையுமாறு தூண்டப்பட்டன. ஏறக்குறைய அனைவரிடத்தும் நோய் தணிந்தமை மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

எனினும் நமக்கு மிக நெருங்கிய சான்று கேரளத்திலேயே உள்ளது. புகையிலையோடு வெற்றிலை மெல்லுவோர்க்கு ஆறு மாத காலம் வாரந்தோறும் விற்றமின் ஏ வழங்கி நடாத்தப்பட்ட ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது. அவர்கள் மெல்லுவதைக் கைவிடவில்லை. ஆயினும் 57 சதவீதத்தினரிடம் வெண்படலம் முற்றாக மறைந்தது. வெற்றுக் குளிகை பெற்றோரிடம் இது 3 சதவீதமே. ஆனால் 1997இல் வெளியான திருவனந்தபுர ஆய்வு மற்றொரு உண்மையையும் புலப்படுத்தியது. விற்றமின் ஏ பெற்றவருள் 52 சதவீதத்தினர் குணமடைந்தனராயினும், மருந்து நிறுத்தப்பட்டதும் அவர்களுள் மூன்றில் இரு பங்கினரிடம் படலம் மீண்டும் தோன்றியது. காரணம் நீங்காதவிடத்துக் குறி மட்டும் நீங்குதல் நிலையாதன்றோ?

விற்றமின் ஏயின் முன்னோடியான பீற்றா கரோட்டீன் குறித்து எழுந்த பெருநம்பிக்கையும் பொய்த்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரை உள்ளடக்கிய ஆய்வில், அதனை உட்கொண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதென 1994இல் அறியப்பட்டது. பீற்றா கரோட்டீனையும் விற்றமின் ஏயையும் ஒருங்கே வழங்கிய அமெரிக்க ஆய்வொன்று, இதையொத்த தீங்கு புலப்பட்டமையால் 1996இல் இடைநிறுத்தப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கலத்தின் போக்கையே மாற்றவல்ல பொருள், மருத்துவரின் கண்காணிப்பில் வழங்கப்பட வேண்டிய மருந்தேயன்றி எவரும் விரும்பியவாறு உண்ணும் சத்துக்குளிகையன்று. நம் மலைநாட்டுக்கு உகந்த வழி வேறு. இலங்கையின் மத்திய பகுதியில் ஆரம்ப சுகாதாரப் பணியாளரே மக்களின் வாயைச் சோதித்து நோய்க்குறிகளை இனங்காண முடியும் என்பதை 1984இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். ஒரு நாட் கூலியை இழந்து வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளியின் நிலையை எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்காது. வெற்றிலைப் பையைக் கீழே வைக்கச் செய்வதும், வைத்தியரைத் தோட்டத்துக்கு அண்மையிற் கொணர்வதும் எந்தக் குளிகையினும் பயன் மிக்கனவாகும்.