இறால் குட்டையின் மதகு

போன டிசம்பரில் அப்பாவைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனேன். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி, பஸ் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் பறவை பார்க்கும் குடிலில் உட்கார்ந்துவிட்டோம். எதிரே குட்டை நிறைய உள்ளான்கள். "மனுஷன் கை படாத இடம்டா இது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில்தான் ஒரு மதகைத் தாண்டி வந்தோம். அவர் கவனிக்கவில்லை. குழாயும் வால்வும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் பண்ணை. சதுப்புநிலக் காட்டை வெட்டி, சேற்றையே கரையாக உயர்த்தி, நடுவில் குட்டை எடுத்தார்கள். கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் ஜொகூர் நீரிணைத் தண்ணீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். மூடிவிடுவார்கள். வளர்ந்த பிறகு, கடல் வற்றும் நேரம் பார்த்து, மதகு வாயில் வலையைக் கட்டித் திறந்தால் தண்ணீர் வெளியே ஓடும், இறால் வலையில் தங்கும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை. அந்த வேலையை நிலா பார்த்துக்கொண்டது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன், இவ்வளவு சிக்கனமான ஒரு டிசைனை யாரும் போர்டில் வரைந்து காட்டியதில்லை.

காப்பகத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1986-இல் தொடங்குவார்கள். மலாயன் இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இங்கே வலசைப் பறவைகளைக் கண்டார்கள். நிலமோ வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகவிருந்தது. காப்பாற்றச் சொல்லி அரசிடம் கேட்டார்கள். 1989-இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவானது. 1993-இல் பிரதமர் கோ சோக் தோங் திறந்துவைத்தார். 2002-இல் 130 ஹெக்டேர், சட்டப் பாதுகாப்போடு.

எல்லாம் சரிதான். ஆனால் பறவை ஏன் இங்கே வந்தது?

சைபீரியப் பக்கமிருந்து செப்டம்பர் வாக்கில் வரும் உப்புக்கொத்தியும் பவளக்கால் உள்ளானும், கடல் வற்றியிருக்கும்போது வெளிச் சேற்றில் புழு பொறுக்கும். கடல் ஏறினால் அந்தச் சேறு மூழ்கிவிடும். அப்போது நின்று இளைப்பாற, தண்ணீர் குறைந்த ஒரு திறந்தவெளி பக்கத்திலேயே வேண்டும். இறால்காரர் தன் பிழைப்புக்கு வெட்டிய குட்டை அதற்கு அப்படியே பொருந்திப்போனது. காப்பகத்துக்காரர்கள் இன்றைக்கும் மதகைத் திறந்து மூடித்தான் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். சும்மா விட்டால் வண்டல் படியும், அலையாத்தி முளைக்கும், குட்டை காடாகிவிடும். அதுவும் இயற்கைதான், ஆனால் உள்ளானுக்கு அங்கே இடமிருக்காது.

இறால்காரர்களை நான் தியாகிகள் ஆக்கவில்லை. காட்டை வெட்டியவர்கள் அவர்கள்தான். ஆனாலும் 1986 எனக்கு இந்தக் கதையின் இரண்டாம் அத்தியாயம்.

திரும்பும்போது அப்பாவை மதகருகே நிறுத்தினேன். குனிந்து பார்த்தார். "எங்க அப்பா தஞ்சாவூர்க் கதை சொல்லும்போது மதகு மதகும்பாரு. இதானா?"

"இதான்ப்பா."

"யாரு போட்டது?"

"இறால் பிடிச்சவங்க."

"பேரு?"

தெரியாது என்றேன். அவர் ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இலை மதகைத் தாண்டி மெதுவாக வெளியே போனது.