குளத்துக்கும் ஒரு மொய் நோட்டு



ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துக்குப் பந்தல் போட்டுவிடுவார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. நம் முன்னோர் குளத்தோடும் இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஓடும். அதனால்தான் இங்கே ஆயிரக்கணக்கில் குளங்களும் கண்மாய்களும். வெட்டியதோடு அவர்கள் வேலை முடியவில்லை. பழைய குளங்களில் நிற்கும் குமிழித்தூம்பைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கல்தூண்கள், அடியில் கல்தொட்டி. மேல்துளையை அடைத்த கல்லைத் தூக்கினால் தண்ணீர் போகும். கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் சேர்ந்து வயலுக்குப் போகும். குளம் தூராது, வயலுக்கும் உரம்.

பராமரிப்புச் செலவுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு ‘ஏரிப்பட்டி’ என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் உண்டு. உத்திரமேரூர்க் குடவோலை முறையை எத்தனையோ ஆண்டுகள் உங்களுக்கு நடத்தினேன். அதில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை ஒரு மதிப்பெண்ணுக்குச் சொன்னேனே தவிர, ஏன் என்று விளக்கவில்லை. அது என் குறை.

சமஸ்தான காலத்திலும் 1878-இல் திவானாக வந்த சேஷய்யா சாஸ்திரி நகரக் குளங்களைச் சீர்செய்தார். பிறகு மோட்டார் வந்தது, ஆழ்குழாய்க் கிணறு வந்தது. குளத்தை மறந்தோம். வரத்து வாய்க்காலில் கருவேலம் மண்டியது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னையும் பலாவும் சாய்ந்ததை நீங்கள் அறிவீர்கள். மறு ஆண்டே, 2019-இல், கொத்தமங்கலம் பகுதி இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினார்கள். தோப்பை இழந்த ஊர் முதலில் குளத்தைத் தேடிப் போனது. பிழைப்பின் வேர் எங்கே என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒருமுறை தூர்வாரினால் போதாது. மழைக்கு மழை வண்டல் வரும். ஆண்டுதோறும் செலவு இருக்கும். ஏரிப்பட்டி சொல்லும் பாடம் அதுதான்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த ஆடியில் ஊருக்கு வரும்போது குளத்தின் பெயரிலும் ஒரு மொய் நோட்டு தொடங்குங்கள். முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நாம் குடித்து வளர்ந்த தண்ணீருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் அது.