வயாவும் பயகெயும்

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் தமிழ் வீட்டு மருமகள் முழுகாமல் இருந்தால் அவள் படும் பாட்டுக்குப் பெயர் மசக்கை. சுவருக்கு அந்தப்பக்கம் கன்னட வீட்டில் அதையே 'பசுரி பயகெ' என்பார்கள். பசுரி என்றால் கர்ப்பிணி. பயகெ அவளுக்கு எழும் ஆசை. இரண்டுமே நமக்கு உறவுக்காரச் சொற்கள்.

தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் பகரத்துக்கு மாறும். 'வா' அங்கே 'பா'. நம் யகரம் நிற்கும் இடத்தில் பல சொற்களில் சகரம் நிற்கும்: உயிர் உசிரு, பெயர் ஹெசரு. இரண்டு மாற்றமும் சேர்ந்தால் வயிறு, பசிரு. அதிலிருந்துதான் பசுரி. 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்கிறோமே, அதே வயிறு. ஆனால் கன்னடக்காரர் 'கரு' என்றால் அவசரப்பட வேண்டாம். அது கன்றுக்குட்டி, நம் 'கன்று' என்னும் சொல்லுக்கு உறவு.

பயகெயின் தமிழ் உறவு 'வயா'. இன்று யாரும் பேசுவதில்லை. தொல்காப்பிய உரியியல் இதற்கு வேட்கை மிகுதி என்று பொருள் சொல்கிறது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயா வந்த பெண்கள் விரும்பி உண்டால்தான் உண்டு என்கிறார். அரசியல் புகழ்ச்சிக்குள் ஒரு மருத்துவக் குறிப்பு! பிள்ளைத்தாய்ச்சி மண் தின்பதை ஊரே அறிந்திருந்தால்தான் இந்தச் சாதுரியம் எடுபடும். பிறகு மசக்கை வந்து வயாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மசக்கையில் சோர்வும் குமட்டலும் முன்னே நிற்கின்றன. வயாவில் நின்றது ஆசை. நட்டம் நமக்கு, கன்னடம் ஆசையை விடவில்லை.

வடமொழியில் இந்த ஆசைக்குத் 'தோஹதம்'. அசோகமரம் பூக்க ஒரு பெண்ணின் காலடி பட வேண்டும் என்ற மரபுக்கும் அதே பெயர். காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் அதை வைத்தே கதை நகர்த்துகிறது. மருத்துவர்கள் இந்த ஆசைக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதையின் சாரீரஸ்தானத்தின்படி முதல் மாதம் கரு வெறும் கூழ்மம், பெயர் கலலம். இரண்டாம் மாதம் கெட்டிப்படும். மூன்றாம் மாதம் கை, கால், தலைக்கான ஐந்து முளைகள். நான்காம் மாதம் இதயம் துலங்கும். இதயம் வந்தால் விருப்பமும் வரும். ஆகவே தாய் இரண்டு இதயக்காரி, அவள் ஆசைப்படுவது பிள்ளையின் ஆசை. அதைத் தட்டினால் பிள்ளை கூனாகப் பிறக்கும் என்று பயமும் காட்டுகிறது நூல்.

எனக்குப் பிடித்த பகுதி அதே நூலில் அடுத்து வருகிறது. எந்த உறுப்பு முதலில் உருவாகிறது? சௌனகர் தலை என்கிறார், கிருதவீர்யர் இதயம், பாராசர்யர் தொப்புள், மார்க்கண்டேயர் கைகால். நூலில் பாடம் சொல்லும் தன்வந்தரி எவரையும் ஏற்கவில்லை. எல்லாம் ஒன்றாகவே உருவாகின்றன, நுண்மையால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறார். மாம்பிஞ்சில் நாரும் சதையும் கொட்டையும் தனித்தனியாகத் தெரியாதது போல. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அடைகாத்த முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, முதலில் இதயமே துடிக்கக் கண்டார். இங்கே விவாதம் வலுவாக இருந்தது. முட்டை உடைத்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

அப்போதே ஸ்கேன் பார்த்தார்கள் என்று வாட்ஸப்பில் பெருமை பேசுவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை. இதயம் துடிக்கத் தொடங்குவது கரு உண்டான நான்காவது வாரத்தில். நான்காம் மாதம் வரை அது காத்திருப்பதில்லை. இரண்டாம் மாதத்து உருண்டையின் வடிவத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சுசுருதர் சொன்னதும் தவறு. கைகால் முளை, உறுப்புகள் தெளியும் வரிசை ஆகியவற்றில் அவர் பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார், மாதக்கணக்குதான் பிந்துகிறது.

குறுங்கோழியூர் கிழார் கண்ட மண் ஆசை இன்றும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவோடு அது அடிக்கடி சேர்ந்து வருவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மண்ணிலோ சாம்பலிலோ மனம் போனால், பயகெ என்று சிரித்துவிட்டுப் போகாமல் ஹீமோகுளோபின் பார்க்க அழைத்துப் போங்கள்.