வைகை வடிநிலம்: நீர் வரவும் செலவும்

தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்கள் வழியே 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊரருகே கடலைத் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம் இது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாலேயே பெருமளவு கொட்டிவிடுகிறது. சமவெளி நம்பியிருப்பது வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களைத்தான்.

ஆகவே வரவில் பெரும்பங்கு அயலாற்றுத் தண்ணீர். அரபிக்கடலை நோக்கி ஓடும் பெரியாற்றை மறித்துப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பும் நீர், லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்கிறது. அணை மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்கு நீர் ஏறாது. தேக்கும் உச்ச மட்டத்தை 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி என்றது. இடையிலுள்ள 38 அடிதான் தமிழகத்தின் கைக்கு எட்டும் இருப்பு. ஆண்டிப்பட்டி அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. வண்டல் படிந்து அதன் கொள்ளளவும் சுருங்கிவிட்டது.

செலவுக் கணக்கில் முதலில் வருவது கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம். வைகை அணைக்குக் கீழே, பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பி 45,041 ஏக்கர் இருபோகமும், மேலூர், திருமங்கலம் பக்கம் 1,05,002 ஏக்கர் ஒருபோகமும் இருக்கின்றன. விரகனூர், பார்த்திபனூர் மதகணைகள் வழியாகக் கண்மாய்களை நிரப்பும் பூர்வீகப் பாசனம் 1,36,109 ஏக்கர். அதில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்பது பங்கு. உரிமையில் மூத்தது இதுவே, இடத்தில் கடைமடையும் இதுவே. காய்ந்த ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீரில் ஒரு பங்கை மணலே குடித்துவிடும். சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஆண்டுதோறும் எழும் சச்சரவு பெரும்பாலும் திறப்பின் அளவைவிட, வந்து சேர்ந்த அளவைப் பற்றியதுதான்.

அணை மட்டத்தை மட்டும் பார்த்து இந்த வடிநிலத்தை எடைபோடுவது அரைக் கணக்கு. மறு பாதி கண்மாயில் இருக்கிறது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. மேலே உள்ள ஊரில் கசிந்த நீரைக் கீழே உள்ள ஊரின் கிணறு இறைக்கும். மடையைத் திறந்து அடைப்பது நீர்பாய்ச்சியின் வேலை. அவர் வயல் வயலாகப் போய் முறைவைத்து நீர் விடுவார். அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி. ஆழ்துளைக் கிணறு வந்தபின் பல ஊர்களில் அந்தப் பொறுப்புக்கு ஆளில்லை. வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்க்கு அணையில் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. மராமத்துச் செலவைக் கரை உயர்த்துவதற்கு முன் வரத்துக்காலில் போட வேண்டும்.

கடைமடைச் சம்சாரி ஆற்றை எதிர்பார்த்து விதைப்பதில்லை. மழைக்கு முன்பே புழுதியில் நெல்லைத் தூவிவிடுகிறார். மற்ற நிலத்தில் முண்டு மிளகாய் போடுகிறார். குடிநீர்க் கணக்கு தனி. மதுரை நகரம் வைகை அணையிலிருந்து எடுக்கிறது. ஆற்றின் கடைசியில் இருக்கும் ராமநாதபுரத்துக்கோ கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் திருச்சியிலிருந்து காவிரி நீர் வருகிறது.