ஹவ் டு நேம் இட்?

இளையராஜா 1986-இல் வெளியிட்ட, திரைப்படம் சாராத கருவியிசைத் தொகுப்பு. தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்கிற்கும் காணிக்கையானது. இதன் கற்பனை, இந்த இரு மேதைகளின் சந்திப்பு. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிடாவின் முகப்பிசை அப்படியே ஓட, அதன்மேல் கர்நாடக பாணியில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் படர்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பணிவதில்லை. தொகுப்பின் உச்சம் இதுவே. இருவரின் உரையாடலாக அடுத்து வரும் பகுதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தின் பின்னணிக்கு இத்தொகுப்பின் இசையையே பயன்படுத்தினார்.